ஒரு தடவைதான் கூப்பிட்டார்கள்

பச்சை வண்ணம் அடித்த மரக்கதவு அது. கைப்பிடியைச் சுற்றி வண்ணம் உரிந்து, பலருடைய கை பட்டு மரம் வழுவழுப்பாகியிருந்தது. காலையிலிருந்து மூடியே கிடந்த அந்தக் கதவு கொஞ்சமாகத் திறந்தது. உள்ளேயிருந்து ஒரு குரல் என் சித்தப்பாவின் பெயரைச் சொன்னது. பெயரை நடுவில் உடைத்து, 'அனாக் லெலாக்கி' என்று மகன் உறவைச் சேர்த்து, தாத்தாவின் பெயரையும் அதேபோல் உடைத்துச் சொன்னது. உச்சரிப்பு கோணலாக இருந்தாலும் அது சித்தப்பாவின் பெயர்தான் என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமில்லை. சொன்னவரின் முகம் மட்டும் தெரியவில்லை. தாழ்வாரத்து நீள பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை.

ஈப்போ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அப்போது இருந்த ஓர் அரசாங்க அலுவலகம் அது. சித்தப்பா நேர்முகத் தேர்வுக்கு வந்திருந்தார். எனக்குப் பல்வலி. தேர்வு முடிந்ததும் அப்படியே என்னைப் பல் மருத்துவரிடம் காட்டிவிட்டு வரச் சொல்லி அம்மா அவரோடு என்னை அனுப்பியிருந்தார். செமோரைத் தாண்டி, செம்மண் பாதையில் உள்ளே போனால் வரும் ரப்பர் தோட்டத்தில் எங்கள் வீடு. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் முதன்முதலாக, பள்ளியிறுதியான ஐந்தாம் படிவம் வரை படித்துத் தேறியவர் சித்தப்பாதான். அவருக்கு அழைப்பு வந்த நாளிலிருந்து லயத்துக்கே காய்ச்சல் பிடித்தமாதிரி இருந்தது. அடுத்த வீட்டில் வெள்ளைச் சட்டை கொடுத்தார்கள். கடைசி வீட்டுக் கிறிஸ்துவ அக்கா தன் கணவர் ஈஸ்டருக்கு மட்டும் போடும் கறுப்புக் காலணியைத் துடைத்துக் கொண்டுவந்தார். அது சித்தப்பாவுக்குப் பெரிது. முன்பக்கம் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்துப் போட்டுக்கொண்டார். நடக்கும்போது சரக் சரக்கென்று சத்தம் வந்தது.

கிராணி வேலை. எழுத்தர் என்று இன்றைக்குச் சொன்னால் யாருக்கும் புருவம்கூட உயராது. எங்களுக்கோ கிராணி என்றால் வெயில் படாத மனிதர். தோட்டத்தில் வேலை தேடுவது என்ற ஒன்றே கிடையாது, வேலைதான் எங்களைத் தேடிக்கொண்டிருந்தது. விடியும் முன்னே பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடி நிற்க வேண்டும். விளக்கடியில் கிராணி நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். 'இருக்கேன்' என்று சொன்னால் அன்றைக்கு எந்தக் காட்டில் பால்வெட்டு என்பது முடிவாகிவிடும். அப்பா அப்படிச் சொல்லிச் சொல்லியே நரைத்துப்போனார். சித்தப்பாவுக்குப் பெயர் கூப்பிடும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஆசை. வாய்விட்டே சொல்லுவார், வெட்கமே படமாட்டார். அவருடைய கூட்டாளி ஒருவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலைக்குப் போகும்போது, "மச்சான், நீயும் வா, ரெண்டு பேருக்கும் சேத்தே பேசிட்டேன்" என்று வற்புறுத்தினார். சித்தப்பா பல நாள் சரியாகச் சாப்பிடாமல் யோசித்தார். கடைசியில், "இல்ல மச்சான், எனக்கு ஈப்போவுலேருந்து கூப்புடுவாங்க" என்று சொல்லிக் கூட்டாளியை மட்டும் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். அப்புறம்தான் ஈப்போ அழைப்பு வந்தது. ஆகவே அந்தப் பச்சைக் கதவின் முன்னால் அவர் உட்கார்ந்திருந்தபோது, இன்னொரு வழியை அவரே அடைத்துவிட்டு வந்திருந்தார்.

அப்படி வந்தவர் ஏன் எழுந்திருக்கவில்லை என்பதைத் தோட்டத்தில் பிறக்காதவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முகம் தெரியாத குரல் வெளியிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால், முதல் தடவை 'ஏன்' என்று பதில் குரல் கொடுக்கக் கூடாது. மனிதர் என்றால் இன்னொரு தடவை கூப்பிடுவார். மற்றது ஒரு தடவைதான் கூப்பிடும். லயத்துப் பெண்கள் இருட்டில் ஒருவரையொருவர் எழுப்பிக்கொண்டு வேலைக்குப் போகும்போது, வாசலில் நின்று பெயரை இரண்டு தடவை சொல்லுவார்கள். முதல் தடவைக்கு உள்ளே சத்தமே இருக்காது. இரண்டாவதுக்குத்தான், "ஏன்க்கா, வாரேன்" என்று பதில் வரும். பெரட்டில் கூப்பிடுவது வேறு, அங்கே கிராணியின் முகம் வெளிச்சத்தில் தெரியும்.

சித்தப்பாவுக்கு இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. நான் பிறப்பதற்கு முன்னே, அவர் சின்னப் பையனாக இருந்தபோது, அவரும் என் அத்தையும் ஒரே பாயில் படுத்திருந்தார்கள். வெளியிலிருந்து யாரோ அத்தையின் பெயரைச் சொன்னார்கள். அரைத்தூக்கத்தில் அத்தை, "வாரேன்" என்று எழுந்து போய்விட்டார். அத்தையோடு பால் வெட்டும் அக்கா கொஞ்ச நேரம் கழித்து வாசலில் வந்து நின்று கூப்பிட்டபோதுதான், முதலில் கூப்பிட்டது அவர் இல்லை என்பது தெரிந்தது. அத்தையை ஓடைக் கரையில் கண்டுபிடித்தார்கள். பாம்பு தீண்டியிருந்தது. பாம்பு தீண்டியது எல்லோருக்கும் புரிந்தது. யார் கூப்பிட்டது என்பதுதான் கடைசிவரை புரியவில்லை. அந்தக் குரலைச் சித்தப்பா தன் காதால் கேட்டிருந்தார். அக்கா குரல் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்.

எனவே நாங்கள் காத்திருந்தோம். இன்னொரு தடவை கூப்பிட்டதும் எழுந்து போய்விடலாம் என்று சித்தப்பா பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து, காலணிக்குள் காலைச் சரிசெய்துகொண்டார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. எனக்குத் தெரிந்த உலகத்தில் அப்படித்தான் செய்வார்கள். குரல் மறுபடியும் வந்தது. ஆனால் வேறு பெயர். எங்களுக்கு எதிரே இருந்த ஒருவர் துள்ளி எழுந்து, தலைமுடியைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

சித்தப்பாவின் முகம் வெளுத்தது அப்போதுதான். மதியம் அந்தக் கதவைத் தட்டிக் கேட்டார். சொங்கோக் தொப்பி போட்ட ஒரு மனிதர் வெளியே வந்தார். நல்ல மனிதர்தான், குரலில் கோபம்கூட இல்லை. "தாடி சுடா பாங்கில். தாக் அடா ஓராங் ஜாவாப்" என்றார். அப்போதே கூப்பிட்டாயிற்று, யாரும் பதில் சொல்லவில்லை. அவ்வளவுதான். ஏன் பதில் சொல்லவில்லை என்பதை எந்த மொழியில் சொல்லுவது? மலாயில் சித்தப்பாவுக்கு நல்ல மதிப்பெண். ஆனாலும் அந்தக் காரணத்தை அந்தத் தாழ்வாரத்தில் வாயால் எடுத்துச் சொல்ல முடியாது என்பது எனக்கே தெரிந்தது. "தெரிமா காசே" என்று அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, என்னைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போனார். பல்லைப் பிடுங்கும்போது நான் அழவில்லை. அவர் அழுதுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார். "கூப்பிட்டாங்க அண்ணி. ஆனா ஒரு தடவதான் கூப்பிட்டாங்க" என்றார் சித்தப்பா. சட்டை கொடுத்தவர்கள், காலணி கொடுத்த அக்கா, எல்லோரும் வாசலில் நின்றார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. யாரும் திட்டவுமில்லை. யாராவது ஒருவர் திட்டியிருக்கலாம். அப்பா மட்டும், "ஏன்டா, பட்டப்பகல்ல, அரசாங்க ஆபீஸ்ல, மேசை நாற்காலி போட்டு உக்காந்துகிட்டாடா பேய் இண்டர்வியூக்குக் கூப்புடும்?" என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். அத்தை அவருக்கும் தங்கைதானே. அம்மா தண்ணீர் மோந்து கொடுத்து, "சரி விடு தம்பி. நீ செஞ்சது சரிதான்" என்றார். தோட்டத்து நியாயப்படி அது சரிதான். தோட்டத்துக்கு வெளியே அது எதற்கும் ஆகாத நியாயம் என்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

சிங்கப்பூருக்கு எழுதிப் பார்த்தார், அங்கே இடம் போய்விட்டிருந்தது. கொஞ்ச வருடத்தில் தோட்டமும் கைமாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, அப்புறம் செம்பனையும் போய் வீடுகள் வந்தன. நாங்கள் ஈப்போவில் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிவந்தோம். சித்தப்பா லாரியில் போனார், பட்டறையில் நின்றார், கடைசியில் ஒரு பேரங்காடியில் காவலுக்கு, ஜாகா வேலைக்குச் சேர்ந்து சீருடையோடு வாசலில் நின்றார். உழைப்பில் எனக்குக் கேவலம் ஒன்றும் தெரியவில்லை. என்னை உறுத்தியது வேறு. அந்த நாளுக்குப் பிறகு அவர் தலைகீழாக மாறிப்போயிருந்தார். யார் கூப்பிட்டாலும் முதல் சத்தத்திலேயே எழுந்துவிடுவார். கிளினிக்கில் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டாலும் இவர் எழுந்து நிற்பார். கல்யாண வீட்டில் மைக்கில் கார் எண்ணைச் சொன்னால்கூட, கார் இல்லாத மனிதர் எழுந்து நிற்பார். "ஊர்ல எவன் பேரக் கூப்பிட்டாலும் இவருக்குத்தான் பொறுக்காதுலா" என்று சித்தி கேலி செய்வார். சித்தப்பாவும் சிரித்துக்கொண்டே உட்காருவார். எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பு வராது, ஏனென்றால் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரே சாட்சி நான்தான்.

அவர் போன விதத்தைச் சித்தி எங்களிடம் மட்டும்தான் சொன்னார். விடிகிற நேரம். பக்கத்தில் படுத்திருந்தவர் சட்டென்று எழுந்து, "வாரேன், இந்தா வாரேன்" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து வெளியே போயிருக்கிறார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன்காரர் யாரையோ கூப்பிடுகிறார் என்று சித்தி நினைத்திருக்கிறார். வெகுநேரம் ஆகியும் வரவில்லையே என்று போய்ப் பார்த்தால், மாடிப்படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாரடைப்பு என்றார்கள். இருக்கும், அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. "ஆனா பாப்பா, அன்னிக்கு ஸ்கூல் லீவு, வேன் வரல" என்றார் சித்தி. சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நான் இப்போது ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். எங்கள் ஆட்கள் வெட்டிக் கொடுத்த பால் கடைசியில் எனக்கு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறது. பெயர் கூப்பிடும் பக்கத்தில் நிற்கிறேன். கதவுக்குப் பின்னால் இருந்து நான் கூப்பிடுவதில்லை. முழு உடம்போடு வெளியே வந்து, முகத்தைக் காட்டி, ஒவ்வொரு பெயரையும் இரண்டு தடவை சொல்லுகிறேன். "அக்கா, ஒங்களுக்கு மட்டும் எக்கோ வச்சிருக்காங்கலா" என்று கூட வேலை செய்யும் பிள்ளைகள் கிண்டல் செய்கிறார்கள். முதல் தடவை சொல்லிவிட்டு நிற்கும் அந்தச் சிறிய இடைவெளியில், கடைசி நாற்காலியைத் தவறாமல் பார்த்துவிடுகிறேன். வெள்ளைச் சட்டை போட்ட யாராவது எழுந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கும். எழவில்லையே என்று வருத்தமாகவும் இருக்கும்.

என் மகள் கணக்கியல் படித்து முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். தெலுக் இந்தானில் தோழியோடு சேர்ந்து கேக் கடை போடலாமா, கோலாலம்பூருக்குப் போகலாமா, இங்கேயே பார்க்கலாமா என்று தினம் ஒரு முடிவு எடுப்பாள். கடைசியில் ஈப்போவில் ஒரு தணிக்கை நிறுவனத்துக்கு மனுப் போட்டாள், அதைத்தான் மனதுக்குள் மிகவும் விரும்பினாள். அதற்காகத் தோழியிடமும் முடியாது என்று சொல்லிவிட்டாள். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒழுங்காகத் தூக்கம் இல்லை.

போன வாரம் ஒரு காலை, நாங்கள் பசியாறிக்கொண்டிருந்தபோது மேசைமேல் அவளுடைய கைப்பேசி அதிர்ந்தது. தெரியாத எண். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, ரொட்டியைத் தொடர்ந்து மென்றாள்.

"எடு" என்றேன்.

"தெரியாத நம்பர்ம்மா. ஏமாத்துற ஸ்கேமரா இருக்கும்லா, எடுத்தா வம்பு. உண்மையிலேயே வேணும்னா இன்னொரு தடவ கூப்புடுவாங்க."

அவளுக்குச் சித்தப்பாவின் கதை தெரியாது. அத்தையின் கதையும் தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. எங்கிருந்து வந்தது அவளுக்கு இந்தச் சொல்? கைப்பேசி அதிர்ந்துகொண்டே மேசை ஓரத்துக்கு நகர்ந்தது. எடுக்காதே என்று ஓடைக் கரை சொன்னது, மாடிப்படி சொன்னது. எடு என்று அந்த பெஞ்சு சொன்னது. சத்தம் நிற்கப்போகிறது என்று தோன்றிய நொடியில் என் கை அதை எடுத்துக் காதில் வைத்துவிட்டது.

"வாரேன்" என்றேன்.

ஹலோ என்றுதான் சொல்ல நினைத்தேன். மறுமுனையில் ஒரு மூச்சு நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெண் குரல், என் மகளின் பெயரை நடுவில் உடைத்துச் சொல்லி, மலாயில் அவர் இருக்கிறாரா என்று கேட்டது. கைப்பேசியை மகளிடம் நீட்டினேன். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று பேசினாள். திங்கட்கிழமை காலை நேர்முகத் தேர்வு. பேசி முடித்ததும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். நானும் அழுதேன்.

குதித்து முடித்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. "அது சரி, போன எடுத்து ஏம்மா வாரேன்னு சொன்ன? ஒன்னயவா கூப்பிட்டாங்க?"

வாசல் கதவு கொஞ்சமாகத் திறந்திருந்தது. காலையில் நான்தான் திறந்து வைத்திருப்பேன். எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்தேன்.

"ம்மா, கேக்குறேன்ல? ஏன் வாரேன்னு சொன்ன?"

இரண்டாவது தடவையும் கேட்டுவிட்டாள். இனிமேல் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. பக்கத்தில் உட்காரச் சொல்லி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பச்சைக் கதவிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.