யோகமலர் அக்காவின் வாளி

கல்குடா மேட்டில் வெள்ளைக்காரத் துரை கட்டிய வீட்டின் முன்னறை இப்போது ஊருக்குச் சொந்தம். அதன் சாவி யோகமலர் அக்காவிடம். காலையில் பாலர் பாடசாலை, பின்னேரம் எங்கள் தையல் வகுப்பு, இடையில் மருந்து கொடுக்க டொக்டரும் வருவார். யாராயிருந்தாலும் அக்கா வாளித் தண்ணீரோடு வாசலில் மறிப்பார்.

"காலக் கழுவித்து உள்ள வாங்க!"

சுனாமியன்று மட்டும், சேறு வழிய ஓடிவந்த எங்களை ஒன்றும் கேட்காமல் உள்ளே இழுத்துப் போட்டார்.

நாட்டில் சண்டை முடிந்த அடுத்த வருஷம், நாற்பது வயதில் அக்காவுக்குக் கலியாணம். அதே அறையில்தான். கூறைச் சேலை சரசரக்க வந்தவரைத் தையல்காரப் பெட்டைகள் நாங்கள் வாளியோடு மறித்தோம்.

"என்னகா இது? நாந்தானே கலியாணப் பொம்புள!"

"பொம்புளயெண்டாலும் காலக் கழுவித்துத்தான்!"

அக்கா முறைத்தார். பிறகு சேலையைத் தூக்கிக்கொண்டு காலை நீட்டினார்.

"குதிக்காலையும் வடிவாத் தேயுங்க, புள்ளயள்!"