அப்பாவின் நான்காவது சுற்று

மேலே இஸ்திரி போட்ட நீலச் சட்டை, கீழே லுங்கி. அப்பா அப்படித்தான் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எதிரே அரிசி டின்னின் மேல் என் போனைச் சாய்த்து வைத்திருந்தேன். திரையில் இரண்டு அதிகாரிகள் தெரிந்தார்கள். சத்தம் கேட்கக்கூடாதென்று மின்விசிறியை நிறுத்தியிருந்ததால் அவர் கழுத்தில் வேர்வை வழிந்தது. நேர்காணலுக்கு நடுவே துடைத்தால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தாரோ என்னவோ, கையைத் தொடையிலிருந்து எடுக்கவே இல்லை. விசில் அடித்துவிடுமென்று குக்கரை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, அம்மா சமையலறையில் அசையாமல் நின்றிருந்தாள்.

ஒரகடத்தில் அப்பா வேலை பார்த்த உதிரிபாகத் தொழிற்சாலை மூடிய பிறகு வந்த முதல் நல்ல வாய்ப்பு அது. நின்றுபோன இயந்திரத்தைச் சரிபார்த்து ஓட வைக்கும் மெயின்டனன்ஸ் வேலை அவருடையது. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். காலையில் கம்பெனி பஸ்கள் படப்பைச் சாலையில் வரிசையாகப் போகும் நேரத்தில் அவர் வாசல் பக்கம் வரமாட்டார். விண்ணப்பத்தை ஆன்லைனில் போட்டது நான்தான். என் எண்ணைக் கொடுத்திருந்ததால் ஹெச்.ஆர். அதிகாரியான பெண் எப்போதும் என்னைத்தான் கூப்பிடுவார். நான் பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். பகலெல்லாம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அது அதிரும்போதெல்லாம் அப்பா என் முகத்தைப் பார்ப்பார்.

முதல் அழைப்பில் மெயின்டனன்ஸ் இன்சார்ஜ் வேலை என்று அந்த அதிகாரி சொன்னார். அப்பாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். வீடியோவில் பேசியவர்களோ இன்சார்ஜ் எல்லாம் இல்லை, ஷிஃப்டில் டெக்னீஷியன் என்றார்கள். மூன்றாவது சுற்றுக்குத் தொழிற்சாலைக்கே வரச் சொன்னார்கள். ஸ்கூட்டியில் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தில் ஒரு தேர்வு. அது முடிந்ததும், முதலில் கான்ட்ராக்டில்தான் எடுப்போம் என்றார்கள். ஒவ்வொரு சுற்றிலும் வேலை ஒரு படி இறங்கியது. அப்பாவும் கூடவே இறங்கினார். "பரவால்ல, உள்ள போய்ட்டா பாத்துக்கலாம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அது என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

நான்காவது சுற்று இரண்டு முறை தள்ளிப்போனது. கடைசியில் ஒரு நாள் காலையில் போனவரை மத்தியானம் வரை ரிசப்ஷனில் உட்கார வைத்தார்கள். அவரோடு காத்திருந்தவர்கள் எல்லோரும் என் வயதுக்காரர்கள். அவர்களில் ஒருவர் அப்பாவைக் கம்பெனி அதிகாரி என்று நினைத்து எழுந்து நின்றார். உள்ளே போன அப்பா சீக்கிரமே வெளியே வந்தார். சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் கொடுமை. ஆலை மேலாளர் கடைசியாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: ஐந்து வருடம் கழித்து நீங்கள் என்னவாக இருப்பீர்கள்? இப்ப மாதிரியே மெசின்கிட்டதான் சார் நிப்பேன் என்று அப்பா பதில் சொல்லியிருக்கிறார். அந்தப் பதிலை அவர் விடவே இல்லை. பல் தேய்க்கும்போது, துணி மடிக்கும்போது, திடீரென்று நிமிர்ந்து, "மேல போவ ஆசைப்படறேன்னு சொல்லியிருக்கணுமோ?" என்பார். நானும் அம்மாவும் என்ன சமாதானம் சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை.

ஒரு சாயங்காலம் அந்த ஹெச்.ஆர். அதிகாரியின் எண்ணிலிருந்து போன் வந்தது. அப்பா டி.வி.யை அணைத்தார். அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். அதிகாரி அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும் ஆட்களைக் கூப்பிட்டுப் பேச தங்கள் அலுவலகத்தில் ஒருவர் வேண்டும், நீங்கள் நன்றாகப் பேசுகிறீர்கள், வர முடியுமா என்று கேட்டார். எதிரே அப்பா, இன்றைக்கா நாளைக்கா என்று சைகையில் கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு, "எனக்குத்தான்ப்பா கூப்டாங்க" என்றேன். அவர் சைகை காட்டிய கையை இறக்கிக்கொண்டார். நான் போகப்போவதில்லை என்றும் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்காதவர் போல, "எப்ப வரச் சொன்னாங்க?" என்றார். திங்கட்கிழமை என்றேன். "பஸ்ஸு முனையிலயே நிக்கும். சீக்கிரம் கெளம்பிடு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் டி.வி.யைப் போட்டார்.

அந்த வேலையில் சேர்ந்த புதிதில், கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அப்பாவை ஏன் எடுக்கவில்லை என்று அந்த அதிகாரியிடமே கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. அந்த இடத்துக்கு ஆரம்பத்திலிருந்தே இளம் வயது ஆட்கள்தான் வேண்டுமாம். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் போதுமான ஆட்களை மேலே அனுப்பியாக வேண்டும். குறைந்தால் கேள்வி வரும். "ஆள் காட்டணும்ல" என்றார். அவரிடம் வன்மம் எதுவும் இல்லை. எனக்குத்தான் அதற்குமேல் சாதம் இறங்கவில்லை. அப்பாவிடம் இதைச் சொல்லவே கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

இன்றும் அதே நாற்காலியில்தான் இருக்கிறேன். முதல் அழைப்பிலேயே வயது வரம்பையும் கான்ட்ராக்டையும் சொல்லிவிடுகிறேன். பாதிப்பேர் அங்கேயே போனை வைத்துவிடுகிறார்கள். அதற்காக அதிகாரியிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன். அப்பா இப்போது படப்பையில் கம்ப்ரசர் பழுதுபார்க்கும் ஒரு பட்டறைக்குப் போகிறார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அப்பா இலையைப் பார்த்தபடியே, "நீ உள்ளதான கீற. அந்த அஞ்சு வருச கேள்விதான் என்னைக் கெடுத்துச்சான்னு யாரையாச்சும் கேட்டுச் சொல்லேன்" என்றார். இத்தனை நாளும் அவர் அதைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். அதற்குமேல் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சாதத்தில் வைத்த கை அப்படியே இருந்தது. "அப்ப என்னை எடுக்கறதாவே இல்ல."

"இல்லப்பா."

"மொதல்லேர்ந்தேவா?"

"மொதல்லேர்ந்தே."

எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். "அப்ப நான் எதுவும் தப்பா சொல்லல" என்றார். பிறகு அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார்.