லுத்மிலாவின் வால்வு

மன்னாரிலிருந்து புலமைப்பரிசில் பெற்று மொஸ்கோவுக்குப் போய் மின்பொறியியல் படித்தவர் றஜீனா. படிப்பு முடிந்தபோது ஊரில் சண்டை. திரும்ப வழியில்லாமல், யூரல் மலையடியில் துமான்ஸ்க் என்ற சிறு நகரின் அனல்மின் நிலையத்தில் ஏழு வருடம் வேலை செய்தார். இப்போது வயது ஐம்பத்தெட்டு. லண்டனின் பார்க்கிங் என்ற பகுதியில் கணவர் கிளின்ரனுடன் வாழ்கிறார். ரஷ்ய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பதுதான் தொழில்.

சென்ற பங்குனியில் ஒரு சிறு பதிப்பகம் அவருக்கு ஒரு புத்தகம் அனுப்பியது. அந்த மின் நிலையத்தை நடத்திய கம்பனியின் வரலாறு. எழுதியவர் ஆர்கடி, ஒருகாலத்தில் அங்கே தலைமைப் பொறியியலாளர். அரசின் சொத்தாக இருந்தது, சோவியத் உடைந்ததும் பங்குக் கம்பனியானது, வெளிநாட்டார் வாங்கியது, அவர்களும் விற்றுவிட்டுப் போனது எல்லாம் அதில் இருந்தன. றஜீனா ஆசையோடுதான் மொழிபெயர்த்துக்கொண்டு போனார், 1996 தை மாதம் வரும்வரை.

அந்த மாதம், மைனஸ் முப்பத்தெட்டுக் குளிரில், நிலையத்தின் நீராவிக் குழாய் வெடித்தது. நகரத்து வீடுகளுக்கு நான்கு நாள் வெப்பம் போகவில்லை. பணியாளர் லுத்மிலா வால்வை மூடத் தவறியதே காரணம் என்றது புத்தகம்.

லுத்மிலா றஜீனாவின் ஷிப்ட் தோழி. முதல் குளிர்காலத்தில் தன் கம்பளிச் சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்தவர். அந்த வால்வு மூட முடியாதபடி இறுகிக் கிடந்தது றஜீனாவுக்குத் தெரியும். விசாரணையில் சொல்லவில்லை. விசாவைப் பறித்துவிடுவார்கள் என்று பயம். லுத்மிலாவின் வேலை போனது.

"உமக்கு இதில என்ன வேலை? அவர் எழுதினதை அப்பிடியே இங்கிலீசில மாத்திக் குடுமன்" என்றார் கிளின்ரன்.

"ஏலாது. அண்டைக்கும் வாயை மூடிக்கொண்டு இருந்தனான். இண்டைக்கும் இருக்கவோ?"

புத்தகத்தின் படங்களுக்காக ஆர்கடி அனுப்பியிருந்த பழைய ஷிப்ட் பதிவேட்டின் பிரதிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். மூன்றாம் நாள் கிடைத்தது. விபத்துக்கு ஒன்பது நாள் முன்பு, லுத்மிலாவின் சாய்ந்த எழுத்தில்: "ஏழாம் வால்வு இறுகிவிட்டது. மாற்ற வேண்டும்." அதன் கீழே "பார்த்தேன்" என்று ஒரு கையெழுத்து. ஆர்கடியுடையது.

அந்தப் பக்கத்தை அவருக்கே அனுப்பினார். அந்த ஷிப்டில் தானும் இருந்ததாக ஒரு வரி சேர்த்தார். நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் காலை போன் வந்தது.

"என் கையெழுத்துத்தான்" என்றார் ஆர்கடி. குரல் தளர்ந்திருந்தது. "அந்தக் குளிர்காலம் உதிரிப்பாகம் ஒன்றுமே வரவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தேன். லுத்மிலாவின் பிழை என்று விசாரணையில் சொன்னதைக் கடைசியில் நானும் நம்பிவிட்டேன். பத்தியைத் திருத்துகிறேன். என் பெயரையும் போட்டே எழுதுகிறேன்" என்றார். லுத்மிலாவின் தொலைபேசி இலக்கத்தையும் அவரே தேடிக் கொடுத்தார்.

திருத்திய பத்தி வந்த அன்றே றஜீனா துமான்ஸ்குக்குப் போன் எடுத்தார். ரஷ்ய மொழியில் வாசித்துக் காட்டினார். பிறகு, தான் அன்று பேசாமல் இருந்ததைச் சொன்னார்.

"தெரியும்" என்றார் லுத்மிலா. "நீ பேசியிருந்தால் உன் வேலையும் போயிருக்கும். ஆனாலும் உன்மேல் எனக்குக் கோபம். கனகாலம் இருந்தது."

"இப்போது?"

"இன்னொரு தடவை வாசி. பொறு, மகளைக் கூப்பிடுகிறேன். அவளும் கேட்கட்டும்."

றஜீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கினார்.