அக்காவை வெளியேற்றிய ஆணை

நீதிபதி ஆசகேல் டன்னெலிடம் நான் பதினோரு வருடம் கான்ஸ்டபிளாக இருந்தேன். அவர் சட்டம் படித்தவரல்ல, தோல் பதனிடுபவர். விரல்களில் ஏறிய மரப்பட்டைக் கறை கடைசிவரை போகவில்லை. அமெரிக்காவில் இங்கிலாந்து ராஜாவுக்கு எதிராகப் போர் மூண்டபோது ஊர்ப்படையில் சேர்ந்தார். திரும்பி வந்ததும் ஊர் அவரை வெர்மான்ட் சட்டசபைக்கு அனுப்பியது. ராஜா பக்கம் நின்றவர்களின் நிலத்தைப் பறிக்கும் தீர்மானத்துக்கு அவரும் கை தூக்கினார். அந்தப் பட்டியலில் அவருடைய அக்கா ஹிட்டியின் கணவர் ஜோதாமும் இருந்தார். இருவரும் ஒரே ஒரு மாட்டுவண்டியோடு கனடாவுக்குப் போனார்கள்.

டன்னெல் மேலும் நான்கு முறை சபைக்குத் தேர்வானார். பிறகு நீதிபதியானார். மனைவி இறந்தபின் தனியாக இருந்தார்.

இருபத்துமூன்று வருடம் கழித்து, ஓர் அக்டோபரில், ஹிட்டி விதவையாகத் திரும்பி வந்தாள். ஒரு காலத்தில் தன்னுடையதாயிருந்த வயலோரம், இடிந்த ஆட்டுக்கொட்டகையில் தங்கினாள். ஊர் நிர்வாகிகளுக்குக் கலக்கம். கதியற்ற ஒருத்தி தங்கிவிட்டால் அவளைப் பராமரிப்பது ஊரின் பொறுப்பாகிவிடும். வெளியேற்றும் ஆணை கேட்டு நீதிபதியிடமே மனு கொடுத்தார்கள்.

அவர் என்னையும் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார்.

"வீட்டுக்கு வாக்கா. அறை சும்மாதான் கெடக்கு. எம்பொறுப்புன்னு எழுதிக் குடுத்துட்டா எவனும் கேக்க முடியாது."

ஹிட்டி சோளக்கூழைக் கிண்டுவதை நிறுத்தவில்லை. "இது என் நெலம்டா. கையத் தூக்கி இதப் புடுங்குனவன் வீட்ல வந்து நான் தட்டு கழுவணுமா?"

"அது சட்டம்க்கா."

"ஆமா, சட்டம். நீ தொட்டில்ல ஒண்ணுக்குப் போனப்ப துணி மாத்துனவ நான். அதுக்கு ஏதாச்சும் சட்டம் இருந்தா பாத்துச் சொல்லு."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில், "வேற நீதிபதிகிட்ட அனுப்பிடலாமேங்கய்யா" என்றேன்.

"அவரும் இதையேதான் எழுதுவாரு. கையெழுத்துதான் கோழி கிண்டுன மாதிரி இருக்கும்."

மறுநாள் காலை ஆணையை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹிட்டி வாங்கி மடித்தாள். "கொட்டகைல எலி நெறைய இருக்கு. அதுங்களுக்கும் ஆளுக்கொரு தாள் குடுத்துடு" என்றாள். பக்கத்து ஊர் லின்ஃபீல்டின் எல்லைவரை வண்டியில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் மழையைப் பற்றித்தான் பேசினாள்.

நான் திரும்பியபோது நீதிமன்றத்தில் ஒரு பன்றி வழக்கு. அடுத்தவன் தோட்டத்தில் புகுந்த பன்றி. டன்னெல் இரண்டு மணி நேரம் பொறுமையாகக் கேட்டார், வேலியின் உயரத்தை விசாரித்தார், தீர்ப்புச் சொன்னார். மதியம் உப்பிட்ட இறைச்சியை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை.

பனிக்காலத்தில் ஒருநாள் கேட்டேன். "அக்காகிட்டயிருந்து தகவல் ஏதும் வந்துச்சாங்கய்யா?"

"இல்ல." கணப்பில் ஒரு கட்டையைத் தள்ளினார். "வருத்தம் வரும்னு நானும் காத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வர மாட்டேங்குது."

ஐந்து வருடம் கழித்து, ஒரு மார்ச் மாதம், நெஞ்சுச் சளியில் இறந்தார். மண் உறைந்திருந்ததால் ஏப்ரலில்தான் புதைக்க முடிந்தது. நான் சொல்லியனுப்பியிருந்தேன். ஹிட்டி வந்தாள். லின்ஃபீல்டில் தறி நெய்து பிழைத்துக்கொண்டிருந்தாள். குழி மூடும்வரை நின்றாள், அழவில்லை. யாரோ கொடுத்த ஆப்பிள் மதுவைக் குடித்துவிட்டு நடந்தாள்.

மறுநாள் ஊர் நிர்வாகி ஒருவர் என்னிடம் வந்து, "அந்தம்மா கெளம்பிட்டாங்கல்ல?" என்று கேட்டார்.

கிளம்பிவிட்டாள் என்றேன்.