எட்டு கஜக் கைக்குட்டையும் ஒரு டப்பா அந்துருண்டையும்

ஐம்பதுகளின் கடைசி வருஷங்களில், கும்மிடிப்பூண்டி ரயிலடிக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு துணிக் கிடங்கில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். எங்கள் முதலாளி பழவேற்காட்டு முஸ்லிம் வியாபாரி. சுற்று வட்டாரத்தில் பதினெட்டுத் தறிகளுக்கு நூல் கொடுத்து, துணியாக வாங்கிக் கப்பலேற்றுகிறவர். புது மாதிரி போடுவது, சாயக்காரரிடம் நிறம் சொல்வது, தறி தறியாகப் போய்ப் பார்ப்பது, மடித்துப் பேல் கட்டுவது எல்லாம் என் பொறுப்பு. இந்த வேலைக்கு இப்போது பெரிய பெரிய பெயர்கள் இருக்கின்றனவாம். அப்போது என்னைத் 'தறி பாக்கிறவரு' என்பார்கள், அவ்வளவுதான்.

நாங்கள் நெய்தது கட்டம் போட்ட துணி. பெயர் கைக்குட்டை, நீளம் எட்டு கஜம். எட்டு கஜத்தில் எந்த மூக்கைத் துடைப்பார்கள் என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். ஆப்பிரிக்காவுக்குப் போகிறது, அங்கே இடுப்பில் சுற்றிக்கொள்கிறார்கள் என்று மட்டும் தெரியும். மேலே கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்பார்களோ என்ற பயத்தில் கேட்டதே இல்லை. பயப்படுவதில் நான் கெட்டிக்காரன். கிடங்கைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவன்.

அந்த வருஷம் முதல்முறையாக ஒரு மாதிரியை நானே போட்டேன். கருநீலமும் சிவப்பும் கலந்த கட்டம், நடுவே மெல்லிய மஞ்சள் கோடு. சென்னை மண்ணடி ஏஜெண்ட் மூலமாக மாதிரித் துண்டு கப்பலில் போனது. மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு, பிடித்திருக்கிறது, முதலில் நூற்றெண்பது பீஸ் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. இது நல்லபடி போய்ச் சேர்ந்தால் மழைக்காலம் முழுக்கப் பதினெட்டுத் தறிக்கும் வேலை. இல்லாவிட்டால் தறிகளை நிறுத்த வேண்டியதுதான். முதலாளி இதை ஒரு தடவைதான் சொன்னார். எனக்கு அது தினமும் காதில் கேட்டது.

ஒவ்வொரு பீஸிலும் மஞ்சள் இழைகளை மூன்று தடவை எண்ணினேன். எல்லாம் சரியாகவே இருந்தது. அப்போதுதான் ரயில்வே பார்சல் குமாஸ்தா ஒருவர் வேறு ஏதோ விஷயமாகக் கிடங்குக்குள் வந்தார். வந்தவர் தோள் துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, "இன்னாயா இப்படி நாறுது" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான் ஒரு பீஸை எடுத்து முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. இன்னொன்றை முகர்ந்தேன். ஒன்றுமே இல்லை. பன்னிரண்டு வருஷமாக அந்தத் துணிகளுக்குள்ளேயே கிடந்தவன் மூக்கு அது. அடுத்தவருக்குத் தெரிகிற நாற்றம் எனக்குத் தெரியவில்லை என்பதே என் பயத்தைப் பத்து மடங்காக்கியது. வெளிநாட்டுக்காரர் பேலைப் பிரித்து மூக்கைப் பொத்திக்கொள்வதுபோலக் கண்ணுக்குள் வந்து நின்றது.

முதலாளி ஒரு கல்யாணத்துக்காகப் பழவேற்காடு போயிருந்தார். நான் ரயிலேறிப் பொன்னேரிக்குப் போய், ஒரு பெரிய டப்பா அந்துருண்டை வாங்கி வந்தேன். நூற்றெண்பது பீஸையும் பிரித்து மூன்று நாள் நிழலில் காற்றாடக் கட்டினேன். பிறகு மடிப்புக்கு மடிப்பு உருண்டைகளை வைத்துப் பேல் கட்டினேன். நல்ல காரியம் செய்தோம் என்று அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

முதலாளி ஊர் திரும்பிய மறுநாளே, நான் அவரிடம் எதுவும் சொல்வதற்கு முன், சரக்கைப் பார்க்க ஏஜெண்ட் வந்தார். ஆப்பிரிக்காவில் பல வருஷம் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தவர். முதல் பேலைப் பிரித்ததும் என் மஞ்சள் கோட்டைப் பார்ப்பார் என்று நான் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடித் துணியில் மூக்கைப் புதைத்தார். ஒரு மூலையை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பினார். இரண்டாவது பேலிலும் அப்படியே செய்தார். பிறகு முதலாளியிடம் திரும்பினார்.

"பாய், இது உங்க தறி சரக்கு இல்ல. மில்லு துணிய வாங்கி, வாசனை தெரியக் கூடாதுன்னு அந்துருண்டைய போட்டு உள்ள வச்சிட்டீங்க."

முதலாளி கோபப்படவில்லை. தலையில் இருந்த தொப்பியை எடுத்தார், பார்த்தார், மறுபடி வைத்துக்கொண்டார். "நான் அப்படிச் செய்றவனா?" என்று மட்டும் கேட்டார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக ஒலித்து நான் கேட்டதில்லை.

ஏஜெண்ட் குடையை எடுத்துவிட்டார். நான் வாய் திறக்காவிட்டால் அவர் மத்தியான ரயிலில் போய்விடுவார், திருட்டுப் பட்டம் முதலாளி தலையில் நின்றுவிடும். எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை. குமாஸ்தா, துண்டு, பொன்னேரி, டப்பா என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

திட்டுவார் என்று நின்றேன். ஏஜெண்ட் குடையைச் சாய்த்து வைத்துவிட்டு, "நீ மோந்து பாத்தியா?" என்றார். பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை என்றேன். அவர் தன் தோல் பையிலிருந்து வெளுத்துப்போன ஒரு பழைய துணித் துண்டை எடுத்தார். ஆப்பிரிக்காவில் ஒரு வியாபாரி அம்மாள், இதே வாசனை வேண்டும் என்று கொடுத்தனுப்பியதாம். பிள்ளை பிறந்தால் அந்தத் துணியில்தான் சுற்றுவார்களாம். கல்யாணத்துக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான். இதே கட்டத்தை மில்லில் போட்டு யார் யாரோ கொண்டுவந்து விற்றுப் பார்த்தார்கள். கண்ணை ஏமாற்றினார்கள், மூக்கிடம் மாட்டிக்கொண்டார்கள் என்றார்.

அந்தத் துண்டையும் முகர்ந்தேன். எனக்கு அதிலும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பயத்தை மீறி ஓர் ஆசை வந்தது. பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டேன்.

"அந்த வாசனை எங்கேர்ந்து சார் வருது?"

அவர் யோசித்தார். "தெரிலியேப்பா. வா, போய்ப் பாக்கலாம்."

மூன்று பேரும் நெசவாளர் தெருவுக்கு நடந்தோம். ஏஜெண்ட் முன்னால், மூக்கு அவருக்கும் முன்னால். சாயத் தொட்டியை முகர்ந்து, இங்கே வாசனை பாதிதான் இருக்கிறது என்றார். வெறும் நூலில் ஒன்றும் இல்லை என்றார். தெருவில் பாவு நூலை நீளமாக விரித்து, தறியில் ஏற்றுமுன் விறைப்பாகக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். அங்கே வந்ததும் நின்றுவிட்டார். ஒரு நெசவாளியின் மனைவி கஞ்சிப் பானையோடு இருந்தாள். இரண்டு நாள் புளிக்க வைத்த அரிசிக் கஞ்சி, அதில் கொஞ்சம் நல்லெண்ணெய், மஞ்சள். ஏஜெண்ட் விரலை விட்டு நாக்கில் வைத்துக்கொண்டார். தெருவே வேலையை நிறுத்திப் பார்த்தது.

"பசின்னா சொல்லு சாரு. ஊட்ல குடிக்கிற கஞ்சி வேற கீது" என்றாள் அவள்.

விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். "நாத்தம்தானே ஒங்களுக்கு வேணும்? பத்து நாளு எங்க ஊட்ல வையுங்க. அப்புறம் போவச் சொன்னாலும் போவாது."

கப்பலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஏஜெண்ட் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தலையாட்டினார். அந்துருண்டைகளை ஒன்று விடாமல் பொறுக்கினேன். வீட்டுக்குப் பத்து பீஸ் என்று பதினெட்டு வீட்டிலும், தறிக்கும் கஞ்சிப் பானைக்கும் பக்கத்தில், கொடி கட்டித் தொங்கவிட்டோம். ஒரு வீட்டில் குனிந்துதான் உள்ளே போக வேண்டும் என்கிற நிலை. யாரும் முகம் சுளிக்கவில்லை, தறி ஓடினால்தானே அவர்களுக்கும் பிழைப்பு. நான் தினமும் காலையில் போய், வாசனை வந்துவிட்டதா என்று வீடு வீடாகக் கேட்பேன். என் மூக்குத்தான் உதவாதே. "வந்துச்சு, இப்பத்தான் நாஷ்டா துன்னுட்டுப் போச்சு" என்பாள் அந்தக் கஞ்சிக்காரி.

பதினோராம் நாள் ஏஜெண்ட் வந்தார். மூக்கு, நாக்கு, அடுத்த பீஸ். மூக்கு, நாக்கு, அடுத்த பீஸ். ஏழாவதில் நிறுத்தி, "கட்டுங்க" என்றார். அதற்கப்புறம்தான் துணியை வெளிச்சத்தில் பிடித்து, அந்த மஞ்சள் கோடு நன்றாக இருக்கிறது என்று சொன்னார். அந்த மழைக்காலத்தில் ஒரு தறியும் நிற்கவில்லை.

முதலாளி என்னிடம் என் தப்பைப் பற்றிப் பேசவே இல்லை. பேல் கட்டி முடிந்ததும், கூடுதலாக நெய்து, அந்துருண்டையிலும் கஞ்சி வாசத்திலும் மற்றவற்றோடு கிடந்த ஒரு பீஸை எடுத்து என் கையில் கொடுத்தார். "ஊட்ல வையி. மோந்து பழகு" என்றார். முகர்ந்தேன். வழக்கம்போல ஒன்றுமில்லை.

பல வருஷம் கழித்து, சென்னையில் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்துவிட்டு வீடு திரும்பினேன். போர்த்திக்கொள்ள ஏதாவது எடுக்க மனைவி டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். குப்பென்று ஒரு வாசனை. புளித்த கஞ்சி, எண்ணெய், மஞ்சள், எல்லாவற்றுக்கும் பின்னால் ரொம்ப லேசாக அந்துருண்டை. இது என்ன வாசனை என்று கேட்டேன்.

"இன்னா புதுசா கேக்கிறீங்க? நம்ம ஊடு எப்பவுமே இப்படித்தானே கீது" என்றாள்.

நாலே நாளில் அது மறுபடி என் மூக்குக்குத் தெரியாமல் போய்விட்டது; ஆனாலும் அது அங்கேயேதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இன்றுவரை எதையாவது சரிசெய்யக் கை நீளும்போதெல்லாம் முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் வெட்கப்படாமல் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.