என் ஓட்டு, அவரு போனு

எங்க கட்சித் தலைவர் தேர்தல்ல ஓட்டு போட இன்னிக்குத்தான் கடைசி நாள். முதல்ல நாம யாருன்னு ஆன்லைன்ல உறுதி பண்ணணும். கடத்தூர்ல என் தையல் கடையில மிஷினை நிறுத்திட்டு போனோட உட்கார்ந்தேன்.

ஆதார் நம்பர் குடுத்தேன். முகத்தைக் காட்டச் சொல்லுச்சு, காட்டினேன். கண்ணைச் சிமிட்டச் சொல்லுச்சு, சிமிட்டினேன்.

கடைசியா ஓடிபி. அது போனது என் வூட்டுக்காரர் போனுக்கு. என்னைக் கட்சியில சேர்த்தப்போ அவரு நம்பரைத்தான் குடுத்திருக்காரு.

"ஏங்க, ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க."

"வந்திருக்கு. நீ யாருக்குப் போடப் போற?"

மறைக்கத் தோணல, சொல்லிட்டேன். அவரு ஆதரிக்கிற ஆளு இல்ல அது.

"வண்டி ஓட்டிட்டு இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்."

அவரு இண்டூர்ல மளிகைக் கடை வச்சிருக்காரு. பின்னால யாரோ கால் கிலோ துவரம்பருப்பு கேட்டது எனக்கு நல்லாவே கேட்டுச்சு.

மறுபடி ரெண்டு தடவை ஓடிபி அனுப்பச் சொல்லி அமுக்கினேன். அவரு போனை எடுக்கல. மூணு தடவைக்கு மேல ஆகாதுன்னு என் கணக்கு பூட்டிக்கிச்சு.

உதவி எண்ணுக்குப் பேசினேன். எடுத்த பொண்ணு அன்பாத்தான் சொல்லுச்சு: "நம்பரை மாத்திக்கலாங்க அக்கா. பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், அதை மட்டும் சொல்லுங்க."

சாயங்காலம் வந்தவரு, "ஓட்டு போட்டுட்டியா?"ன்னு கேட்டுட்டு சாப்பிட உட்கார்ந்தாரு. இந்தக் கட்சிக்காக வெயில்ல ஊர் ஊராக் கொடி பிடிச்சு நடந்தவ நான். அவரு தட்டுல கொழம்பு ஊத்தினேன்.

உங்க ஓட்டோட ஓடிபி யாரு போனுக்குங்க போவுது?