மாப்பிள்ளை சட்டைப்பையில் இருந்த மாத்திரை

"குழந்தைக்கு ஒண்ணுமில்லைங்க, நல்லா பால் குடிக்கிறா," என்றேன். மருந்துக்கடை அம்மா அதைக் கேட்கவே இல்லை. பேத்தி பிறந்ததிலிருந்து நான் இப்படித்தான். பஸ்ஸில் டிக்கெட் கேட்டவரிடமும் அவள் மூக்கு யார் மாதிரி என்று சொல்லிவிட்டேன்.

அன்று கடைக்குப் போனது மாப்பிள்ளைக்காக. எனக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அவருக்குப் பாட்டும் ஆட்டமும் நடக்கிற கூடங்களில் ஒலிப்பெட்டி பார்க்கிற வேலை. கூட்டாளிகள் 'சவுண்டு' என்று கூப்பிடுவார்கள். வீட்டில் சத்தமே வராது. கல்யாணத்துக்கு முன்னால் வாராவாரம் அங்கே விற்கிற போதை மாத்திரையைப் போட்டிருக்கிறார். "கூட வேலை பார்க்கிற வயர் சுத்துறவனைக் கண்டாலே எனக்கு ஆகாது மாமா. அதைப் போட்டா அவனையும் கட்டிப்பிடிச்சு, நீதான்டா என் அண்ணன்னு சொல்லுவேன்," என்றார். இரண்டு நாள் கழித்துச் சோறுகூட மண் மாதிரி இருக்குமாம். பிறகு விட்டுவிட்டார். ஆனால் மனசு மரத்தது மரத்ததுதான். இப்போது மனச்சோர்வுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தினமும் போடுகிறார்.

நர்ஸ் பேத்தியைக் கையில் கொடுத்தபோது, யாரோ கொஞ்சம் பிடிங்க என்று கொடுத்துவிட்டுப் போன பொட்டலம் மாதிரி மாப்பிள்ளை அவளை வைத்திருந்தார்.

"கடிக்க மாட்டா, கிட்டத்தான் வெச்சுக்கோங்களேன்," என்றாள் என் மகள்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே வந்ததும் சட்டைப்பையைத் திறந்து காட்டினார். ஒரே ஒரு மாத்திரை. அதே போதை மாத்திரை, பழைய கூட்டாளி கொடுத்தது.

"பாப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போற அன்னைக்குப் போட்டுக்கலாம்னு இருக்கேன் மாமா. அன்னைக்காவது பாசம் வரணும்ல."

எனக்கு என்ன தெரியும்? நேரே கடைக்கு இழுத்து வந்துவிட்டேன்.

அந்த அம்மா மாத்திரையைப் பார்த்தார். திட்டவில்லை.

"மூளையில செரோட்டோனின்னு ஒண்ணு இருக்கு தம்பி. நரம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் விடும். இது உள்ளே பூந்து, இருக்கிறதை எல்லாம் ஒரே ராத்திரியில வெளியே தள்ளிடும். அதான் அந்தப் பாசம். மறுநாள் டப்பா காலி. திரும்ப ஊறணும்."

"ஒரே ஒரு நாளைக்குத்தானே?" என்றார் மாப்பிள்ளை.

"அதுவும் நடக்காது. இது உள்ளே போற வாசலைத்தான் நீங்க இங்கே வாங்குற டாக்டர் மாத்திரை அடைச்சு வெச்சிருக்கு. போட்டாலும் ஒண்ணும் தெரியாது. சரக்கு சரியில்லைன்னு இன்னொண்ணு போடுவாங்க. அப்புறம் உடம்பு கொதிக்கும், நெஞ்சு தறிகெட்டு அடிக்கும். பாப்பாவைத் தூக்க ஆள் இருக்காது."

"டாக்டர் மாத்திரையை நிறுத்திட்டா?"

"அந்த வேலையே வேணாம். மரத்துப்போயிருக்குன்னு டாக்டர்கிட்டயே சொல்லுங்க."

"அப்போ பாசம் எப்போங்க வரும்?"

"தெரியலை தம்பி," என்றார்.

காலாவதியான மருந்தைப் போடுகிற டப்பாவை அந்த அம்மா நீட்டினார். மாப்பிள்ளை மாத்திரையை அதில் போட்டுவிட்டார். முகத்தில் வருத்தமும் இல்லை, நிம்மதியும் இல்லை. டாக்டரிடம் நானும் கூடப் போனேன். மருந்தை மெதுவாக மாற்றிப் பார்க்கலாம் என்றார்.

பேத்தி வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் தூக்கப் போனால் எனக்கு முன்னால் மாப்பிள்ளை தூக்கிவிடுகிறார். முகம் அதே முகம்தான். இன்று காலை நாற்காலியில் அவளை மார்பில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கை வலிக்குமே, என்னிடம் கொடுங்கள் என்று கேட்டேன்.

"இன்னும் ஒண்ணும் தோணலை மாமா," என்றார். "ஆனா கையை எடுத்தா முழிச்சுக்கிறா."